சபை எப்படி மாறுகிறது? நீலகிரியிலிருந்து ஓர் எளிய விளக்கம்

புராட்டஸ்டண்ட் திருச்சபை நவீன சமூக மாற்றங்களை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று கேட்டால், பொதுவாக இரண்டு விடைகள் கிடைக்கும். காலத்துக்கேற்ப எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுகிறது என்பார்கள் சிலர். எதற்கும் அசைந்துகொடுக்காது என்பார்கள் வேறு சிலர். நீலகிரியின் ஏதேனும் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவருக்கு இரண்டுமே பொருந்தாத விடைகளாகத்தான் தோன்றும். காணிக்கைப் பெட்டியின் மேல் க்யூஆர் அட்டை ஒட்டுவதற்கு ஒரே கூட்டத்தில் சம்மதித்துவிடுகிற சேகரக் கமிட்டி (ஊர்ச் சபையின் நிர்வாகக் குழு), ஞாயிறு ஆராதனையை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாமா என்பதைப் பல மாதங்கள் பேசும். எந்த மாற்றம் எந்த இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது, தீர்மானிப்பவர் யார், அதற்கு வேதாகமத்திலிருந்து என்ன ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது என்பவற்றைப் புரிந்துகொண்டால், சபை சில விஷயங்களில் விரைந்தும் சிலவற்றில் தயங்கியும் நடப்பதன் காரணம் விளங்கும். கிறிஸ்தவ வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது விளங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் பேச்சுவழக்கில் ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆர்.சி. என்பது ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபை. அதற்கு உதகமண்டலத்தில் தனி மறைமாவட்டம் இருக்கிறது. 1517-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த சீர்திருத்த இயக்கத்திலிருந்து கிளைத்தவை புராட்டஸ்டண்ட் சபைகள். பெந்தெகொஸ்தே சபைகளும் அந்தப் பெருங்கிளையைச் சேர்ந்தவையே என்றாலும், அவற்றில் பல தனித்தனிப் போதகர்களின் கீழ் இயங்குபவை. இங்கே நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபையை, அதாவது சி.எஸ்.ஐ.யை, நீலகிரியிலுள்ள அதன் சபைகள் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் கீழ் வருகின்றன.

புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான தலைவர் ஒருவர் இல்லை. விசுவாசத்துக்கு இறுதி அதிகாரம் வேதாகமமே என்பது அவற்றின் அடிப்படைக் கொள்கை. ஆனால் வேதாகமம் தானாக எழுந்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. அதை வாசிக்கிறவர்கள்தாம் சொல்ல வேண்டும், வாசிக்கிறவர்களோ பலர். ஆகவே ஒரு புதிய சமூக நிலைமை எழும்போது, இதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்ற கேள்வியோடு, அதை இன்று யார் கூடி எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. புராட்டஸ்டண்ட் வரலாற்றின் பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றி நடந்தவை என்பது என் கணிப்பு.

சபையின் வாழ்வை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்பது தொடக்க நிலை வாசகருக்கு உதவும். முதலாவது விசுவாசம்: கடவுள் யார், கிறிஸ்து யார், மீட்பு எப்படி என்பவை. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நிசேயா விசுவாசப் பிரமாணமும் இதைச் சுருக்கிச் சொல்கின்றன. சமூக மாற்றம் எதுவும் இந்த அடுக்கை நேரடியாகத் தொடுவது அரிது. இரண்டாவது ஒழுங்கு: யாருக்கு ஆயர் (ஊர்ச் சபையை நடத்தும் குரு) பட்டம் கொடுக்கலாம், யாருக்குத் திருமணம் செய்துவைக்கலாம், பேராயரை எப்படித் தேர்ந்தெடுப்பது போன்ற சட்டதிட்டங்கள். மூன்றாவது வழக்கம்: பாட்டு, உடை, உட்காரும் இடம், ஆராதனை நேரம், பண்டிகை கொண்டாடும் விதம். இங்கிலாந்துத் திருச்சபை 1571-இல் இறுதி செய்த 39 கொள்கைக் கூற்றுகளில் 34-ஆவது, சடங்குகளும் மரபுகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை என்றும், வேத வசனத்துக்கு விரோதமாகாத வரையில் நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்ப அவற்றை மாற்றலாம் என்றும் சொல்கிறது. ஏட்டில் தெளிவாக இருக்கிற இந்தப் பாகுபாடு, நடைமுறையில் குழம்பிப்போகிறது. வழக்கத்தை மாற்ற முனையும்போது, அதை விசுவாசமாகவே கருதி வளர்ந்த தலைமுறை எதிர்த்து நிற்கும். விசுவாசத்தோடு நெருங்கிய தொடர்புள்ள ஒன்றையோ, வெறும் வழக்கம்தானே என்று சொல்லி ஒதுக்கிவிடுவதும் உண்டு. சாதி அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று. அதற்குப் பிறகு வருவோம்.

தீர்மானிக்கும் அமைப்புகளும் மூன்று நிலைகளில் இருக்கின்றன. ஊரளவில் சேகரம், அதற்கு ஓர் ஆயரும், உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியும் உண்டு. அதற்கு மேல் திருமண்டலம். பேராயரின் தலைமையில் ஆயர்களும் சபைகளின் பிரதிநிதிகளும் கூடும் பேரவை அதன் முடிவுகளை எடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முழுத் திருச்சபைக்குமான பொதுப் பேரவையாகிய சினாடு. ஆயர் பட்டம் பெறாத சாதாரண உறுப்பினர்கள், அதாவது பள்ளி ஆசிரியரும் எஸ்டேட் குமாஸ்தாவும் ஓய்வுபெற்ற செவிலியரும், இந்த மூன்று நிலைகளிலும் வாக்குரிமையோடு உட்காருகிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அமைப்புச் சட்டத்தின் முக்கியமான விதிகளை மாற்ற வேண்டுமானால் சினாடு மட்டும் தீர்மானித்தால் போதாது. திருமண்டலப் பேரவைகளும் ஒப்புதல் தர வேண்டும். மாற்றம் தாமதமாவதற்கு இது ஒரு காரணம். வாக்குரிமை இருக்கும் இடத்தில் தேர்தல் இருக்கும், தேர்தல் இருக்கும் இடத்தில் கோஷ்டி இருக்கும். சபைத் தேர்தல் வழக்குகள் நீதிமன்றப் படியேறுவதைத் தமிழ்நாட்டில் செய்தித்தாள் வாசிக்கும் எவரும் அறிவர்.

இந்தத் திருச்சபையின் பிறப்பே ஒரு மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு நல்ல பாடம். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்ததும், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிவைக்கப்பட்டது. ஆங்கிலிக்கர்கள், மெதடிஸ்டுகள், 1908-இல் உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் ஒன்று சேர்ந்தார்கள். ஆங்கிலிக்கர்களுக்குப் பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுத்தால்தான் ஆயர். மற்றவர்கள் பேராயர் என்ற பதவியே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்தவர்கள். யாருடைய பட்டம் செல்லும் என்று வாதாடியிருந்தால் இணைப்பு நடந்திருக்காது. ஏற்கெனவே ஆயர்களாக இருப்பவர்களை மறுபட்டம் இல்லாமல் அப்படியே ஏற்பது, இனிமேல் பட்டம் பெறுபவர்கள் எல்லாரும் பேராயரிடமே பெறுவது, 30 ஆண்டுகளை இடைக்காலமாகக் கொள்வது, ஒரு சபையின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆயரை அதன் மேல் திணிப்பதில்லை என்று வாக்களிப்பது என்பவையே அவர்கள் கண்ட வழி. ஒரு தலைமுறை ஓய்வு பெறும் வரை காத்திருந்து மாற்றத்தை முழுமையாக்குகிற இந்த முறையைப் புராட்டஸ்டண்ட் சபைகளில் திரும்பத் திரும்பக் காணலாம்.

நீலகிரியில் இன்னொரு வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமூக மாற்றத்துக்குப் பதில் சொல்லும் சபை, இந்த மலைக்கு ஒரு காலத்தில் தானே சமூக மாற்றமாக வந்து சேர்ந்தது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம், 1829-இல் சென்னை ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்ட, ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்களைக் கொண்டு எழுந்தது; அது ஆங்கிலேயரின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. மலைவாழ் மக்களிடையே ஊழியம் தொடங்கியது கேத்தியில். அங்கே குடியிருந்து படுக மொழி கற்ற ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் ஆதரவு தர, 1840-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த மிஷனரிச் சங்கமான பாசல் மிஷனார் வந்து பள்ளிகள் நடத்தினார்கள். படுகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-இல்தான் நடந்தது. ஊர்க்கூட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஈமச்சடங்கு முதல் அறுவடை வரை எல்லாவற்றையும் சேர்ந்தே செய்த ஒரு சமுதாயத்தில், ஒருவர் தனியாக மதம் மாறுவது அவருடைய சொந்த விஷயமாக நிற்கவில்லை. ஊரிலிருந்து விலக்கப்படுவதே அதன் உடனடி விளைவாக இருந்தது. தோடர்களிடையே காதரின் லிங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பல்லாண்டுகள் பணியாற்றியும் சிறிய சபையே உருவாயிற்று. மதத்தைவிடப் பள்ளியும் மருந்தும்தான் மலையை அதிகம் மாற்றின என்பதை மிஷன் வரலாறு எழுதுபவர்களே இன்று தயங்காமல் சொல்கிறார்கள்.

இப்போது ஒழுங்கு என்ற இரண்டாவது அடுக்கில் நடந்த மாற்றங்களைப் பார்ப்போம். குடும்பக் கட்டுப்பாடு எளிதான எடுத்துக்காட்டு. உலக ஆங்கிலிக்கப் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1908-இலும் 1920-இலும் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்தது. 1930-இல், வரையறுக்கப்பட்ட சூழ்நிலைகளில் மனச்சாட்சிக்கு உட்பட்டு அதை அனுமதித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1968-இல் தன் பழைய நிலையை உறுதிப்படுத்தியபோது, புராட்டஸ்டண்ட் பக்கம் அந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. இன்று எந்த சி.எஸ்.ஐ. சபையிலும் அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

பெண்களுக்கு ஆயர் பட்டம் கொடுக்கும் விஷயம் அத்தனை எளிதாக முடியவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலேயே பெண்களுக்கு ஆயர் பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை அந்த நிலைக்கு வர 1994 வரை ஆயிற்று. சட்டத்தில் முந்திக்கொண்ட திருச்சபையில் முதல் பெண் பேராயராக நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா அபிஷேகம் செய்யப்பட்டதோ 2013-இல். கதவைத் திறந்துவைத்ததற்கும் அதன் வழியாக ஒருவர் அந்த உயரத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையே இத்தனை ஆண்டுகள் ஏன் என்று கேட்டால், எதிர்ப்பாளர்கள் மேற்கோள் காட்டும் பவுலின் வசனங்களை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. ஆயர் என்ற பதவியைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் குடும்ப ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். ஆயர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஆயர் குடியிருக்கும் குருமனைக்குக் குடும்பத்தோடு பெட்டி கட்டி வர வேண்டும். ஆயரின் மனைவி சம்பளமில்லாமலே பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார், ஞாயிறு பள்ளியைக் கவனிப்பார், வீடு சந்திக்கப் போவார், மழையில் நனைந்து வந்த விருந்தினருக்குக் காப்பி போடுவார். ஒரு பெண் ஆயராக வந்தால் அவருடைய கணவர் கூடலூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருப்பார்; பெண்கள் சங்கத்துக்குத் தலைவர் யார் என்ற கேள்வி முதல் மாதமே எழும்; இரவு பதினொரு மணிக்கு எஸ்டேட் லயத்திலிருந்து மரணச் செய்தி வந்தால் தனியாக எப்படி அனுப்புவது என்று கமிட்டியார் கவலைப்படுவார்கள். இவற்றில் ஒன்றுகூட இறையியல் கேள்வி அன்று. ஆனாலும் ‘எங்கள் சபைக்கு இப்போது வேண்டாம்’ என்று பேராயரிடம் சொல்வதற்கு இவையே போதுமானவையாக இருந்திருக்கின்றன. அப்படி வந்த பெண் ஆயர் ஒருவர் ஓராண்டு ஊழியம் செய்துவிட்டால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாதிக்கு வருவோம். தமிழ் புராட்டஸ்டண்ட் சபைகளின் மிகப் பழைய, மிக நீண்ட சமூகக் கேள்வி இதுதான். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றிய தொடக்கக் கால லுத்தரன் மிஷனரிகள், சாதியைச் சமூக வழக்கம் என்று கருதி, ஆலயத்துக்குள் தனித்தனியாக உட்காருவதைச் சகித்துக்கொண்டார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற மதிப்புக்குரியவர்களே எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில், இந்த விஷயத்தில் நெகிழ்வாக இருந்த ஜெர்மன் லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனிடம் போய்ச் சேர்ந்தனர். ஒரு சபை கண்டிப்புக் காட்டினால் பக்கத்துத் தெருச் சபைக்குப் போய்விடலாம் என்ற வசதி, புராட்டஸ்டண்ட் பிரிவுகள் பலவாக இருப்பதால் கிடைக்கும் வசதி. சீர்திருத்தக் கட்டளைகள் ஏன் பாதியிலேயே நின்றுபோயின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் போராட்டத்தின் மையத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் அருந்துவது ஆங்கிலிக்க வழக்கம். பீடத்தின் முன் கம்பியருகே வரிசையாக முழங்காலிட்டிருக்க, ஆயர் ஒருவர் உதட்டிலிருந்து அடுத்தவர் உதட்டுக்குக் கிண்ணத்தை நகர்த்திச் செல்வார். ஒவ்வொருவருக்கும் பின் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துச் சிறிது திருப்பிக் கொடுப்பார். தனிக் குவளையில் தேநீர் கொடுத்த சமுதாயத்தில், யாருக்குப் பின் யார் வாய் வைப்பது என்பது எத்தகைய சோதனை என்று விளக்கத் தேவையில்லை. மேல்சாதியார் முதல் வரிசையில் வந்துவிட்டுப் போவது, கிண்ணங்களை இரண்டாக்குவது என்று தப்பும் வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன; ஆனாலும் ஒரே கிண்ணம் என்ற விதி நின்றது, நிற்க நிற்கச் சாதித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்த்தெழுதல் பண்டிகையைக் குடும்பங்கள் கைப்பேசித் திரையில் பார்த்தன. மீண்டும் ஆலயம் திறந்தபோது, நோய் பரவும் அச்சத்தால் பல சபைகள் பொதுக் கிண்ணத்தை எடுத்துவைத்துவிட்டு, விரலளவு சிறிய குவளைகளைத் தட்டில் அடுக்கிக் கொடுத்தன. சில சபைகளில் அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுத்தார்கள். சுகாதார நோக்கில் இது சரியான முடிவு. சிறு குவளைகள் சில மரபுகளில் முன்பே வழக்கத்தில் இருந்தவையும்கூட. தொற்று தணிந்த பின் எல்லாச் சபைகளும் பழைய கிண்ணத்துக்குத் திரும்பவில்லை. வசதி என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தொடர்பவர்கள், தமிழ்ச் சபை வரலாற்றில் அந்தக் கிண்ணம் செய்த வேலையை ஒருமுறை நினைத்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது என்பது என் கருத்து. வெறும் வழக்கம் என்று தோன்றுவதற்குள் விசுவாசம் மறைந்திருப்பதற்கு இது சான்று.

சாதியைப் பற்றிய அரசுச் சட்டமும் சபையின் மேல் அழுத்தம் தருகிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது, 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடித் தகுதிக்கோ மதம் தடையில்லை. ஆகவே நீலகிரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோடக் கிறிஸ்தவர் பழங்குடியாகவே நீடிப்பார். அவருக்குப் பக்கத்திலிருக்கும் தலித் கிறிஸ்தவர் தம் பட்டியல் சாதித் தகுதியை இழந்திருப்பார். ஆணை வெளிவந்த ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. வெளியே அரசிடம் சமநீதி கேட்கும் இந்தக் குரல், உள்ளே கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டித் தேர்தலிலும் சாதி பார்க்கும் வழக்கத்தைக் கேள்வி கேட்கும் குரலாகவும் இருக்க வேண்டும் என்று தலித் கிறிஸ்தவ இறையியலாளர்கள் 1980-களிலிருந்து வலியுறுத்தி வருகிறார்கள்.

திருமணத்தில் சபையின் ஒழுங்கும் நாட்டின் சட்டமும் பின்னிக் கிடக்கின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். சபைகளின் நடைமுறை பெரும்பாலும் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருப்பதை எதிர்பார்க்கிறது. மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்ட பிறகே திருமணம். கல்லூரியிலும் ஐ.டி. நிறுவனத்திலும் சந்தித்து மணக்கும் இன்றைய இளைஞர்களில் பலருக்கு இணை வேறு மதத்தவர். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, பிறகு வீட்டில் ஆயரை அழைத்து ஸ்தோத்திர ஜெபம் நடத்துவது குடும்பங்கள் கண்ட நடுவழி. விவாகரத்தில் மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணவன், தன் மனைவியின் மணம் மீறிய உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளும் திருச்சபையினரும் நெடுங்காலம் வலியுறுத்திய பின்னரே 2001-இல் அது திருத்தப்பட்டது.

ஒரே பாலினத்தவரின் உறவு பற்றி உலகப் புராட்டஸ்டண்ட் சபைகள் பிளவுபட்டு நிற்கின்றன. அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை 2015-இலும் ஸ்காட்லாந்துத் திருச்சபை 2022-இலும் அத்தகைய திருமணங்களுக்கு வழிவிட்டன. ஆப்பிரிக்க ஆங்கிலிக்கச் சபைகள் பல கடுமையாக எதிர்க்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையின் திருமண ஆராதனை ஆண், பெண் இருவருக்கானதாகவே இருக்கிறது. 2018-இல் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்திய பின்னும் ஊர்ச் சபைகளில் இது பேசுபொருளாகவில்லை. பெற்றோர் சிலர் ஆயரிடம் தனியாக வந்து அழுவதோடு நின்றுவிடுகிறது.

வழக்கம் என்ற மூன்றாவது அடுக்கில் பாட்டைப் பற்றிய சண்டை எல்லாருக்கும் தெரிந்தது. பாமாலையும் கீர்த்தனையும் போதும் என்பவர்களுக்கும், கிட்டார், கீபோர்டு, திரையில் ஓடும் வரிகள் வேண்டும் என்பவர்களுக்கும் இடையே, பெந்தெகொஸ்தே சபைக்கு இளைஞர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் நடுவராக இருந்து, பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மொழி மாற்றம் இதைவிட ஆழமானது, ஆனால் சத்தமில்லாமல் நடந்தது. பாசல் மிஷனார் மங்களூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் ஆதலால், தொடக்கக் கால ஊழியத்தில் கன்னடத்துக்குப் பெரிய இடம் இருந்தது; படுக மொழியில் பெயர்த்த லூக்கா சுவிசேஷமும் கன்னட எழுத்தில்தான் அச்சானது. பள்ளிப் படிப்பு தமிழில் அமைந்ததும் ஆராதனையும் தமிழுக்கு வந்துவிட்டது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள், அவர்களுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியபோது, கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் சபைகளுக்கு வேறொரு தமிழும் வந்து சேர்ந்தது.

அறுப்பின் பண்டிகையில் மலையின் பொருளாதாரத்தையே வாசிக்கலாம். உறுப்பினர்கள் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம். கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பூண்டும் குவிந்த காலத்தில், ஒரு கோசுக்குச் சந்தை விலையைப்போல் பல மடங்கு ஏலம் கேட்டு வாங்கிப் போவது பெருமை. காய்கறி நிலம் தேயிலையான ஊர்களில் படைக்க என்ன இருக்கிறது? பச்சைத் தேயிலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டிய சரக்கு. ஆகவே விளைச்சலுக்குப் பதில் காணிக்கைப் பணம் வைத்த கவர்கள் வந்தன. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் நொடித்தபோது கவர்களும் மெலிந்தன. இப்போது சந்தையில் வாங்கிய காய்களையும் கேக்கையும் படைத்து ஏலம் விடுகிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை; ஏலப்பணத்தில்தான் ஆலயக் கூரை பழுது பார்க்கப்படுகிறது.

சபை தன்னை நிருவகிக்கும் முறைக்கே சிக்கலாக இருப்பது இடப்பெயர்ச்சி. ஊட்டி இந்துநகரில் 1967 முதல் உற்பத்தி செய்துவந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், டிஜிட்டல் கேமராவின் வருகையால் நலிந்து மூடப்பட்டது போன்ற நிகழ்வுகள், மாதச் சம்பளக் குடும்பங்களை மலையிலிருந்து இறக்கிவிட்டன. படித்த பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்துக்கும் வருகிறார்கள். தோட்டங்களில் அவர்களுடைய பெற்றோர் விட்ட இடத்தை ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் நிரப்புகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அங்கே பழைய லுத்தரன், ஆங்கிலிக்கச் சபைகள் இருக்கின்றன. அவர்கள் பேசுவதும் பாடுவதும் இந்தியும், ஜார்க்கண்ட் பகுதி மொழியான சாத்ரியும்.

இங்கேதான் சபையின் ஜனநாயகம் தன் எல்லையைத் தொடுகிறது. சேகரத்தில் வாக்களிக்க, திடப்படுத்தல் (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பெற்று, பதிவேட்டில் பெயர் இருந்து, சந்தா செலுத்தியிருக்க வேண்டும். பெங்களூரிலிருக்கும் மகனின் பெயர் பல வீடுகளில் இன்னும் ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அப்பா சந்தா கட்டுகிறார், மகன் வாக்களிக்கக்கூட வரலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தோட்டம் மாறும் ஜார்க்கண்ட் தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்காக மாலையில் ஓர் இந்தி ஆராதனை தொடங்க வேண்டுமானால், அதற்குச் சேகரக் கமிட்டி தீர்மானம் போட வேண்டும், இந்தி தெரிந்த ஊழியரைத் திருமண்டலத்திடம் கேட்க வேண்டும், அவருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்க வேண்டியவர்களில் அதனால் பயன்பெறப்போகிறவர் ஒருவர்கூட இல்லை.